மறைசொல் விளையாட்டும் முப்பது எழுத்தும்

இலக்கணம் என்றவுடன் நூற்பாவும் உரையும் நம் நினைவுக்கு வருகின்றன. எனினும், ஒரு மொழியைப் பேசுவோர் அதன் விதிகளை ஏட்டில் கற்பதற்கு நெடுநாள் முன்பே அவற்றைக் கையாளத் தொடங்கிவிடுகின்றனர். இதற்குச் சான்று தேடுவோர் சிறுவர் விளையாட்டுகளை உற்றுநோக்கலாம். விளையாட்டின் விதியும் மொழியின் விதியும் ஒரு வகையில் ஒத்தவை. இரண்டையும் எவரும் எழுதிக் கொடுப்பதில்லை. ஆனால் எவரேனும் மீறினால் உடனே எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

இவ்வுரைக்கு நாம் எடுத்துக்கொண்டது, கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் மட்டுமே கொண்டு தமிழ் வகுப்பறையில் ஆடப்பெற்ற ஊக விளையாட்டு ஒன்று. ஒருவர் ஒரு சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு, அதன் எழுத்துகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பலகையில் கோடுகள் இடுவார். மற்றவர்கள் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆங்கில வகுப்புகளில் ஒவ்வொரு தவற்றுக்கும் தூக்குமரத்தில் தொங்கும் மனிதனின் ஓர் உறுப்பை வரைந்து இதே விளையாட்டை ஆடுவர். எங்கள் பள்ளியில் இதனை 'மறைசொல்' என்றோம். பள்ளிக்குப் பள்ளி பெயர் வேறாக இருந்திருக்கும். நமக்கு இங்கே முக்கியமானவை அதன் விதிகளே. அவ்விதிகளை நினைவுகூர்ந்து எழுத முற்பட்டபோது, தமிழில் 'ஓர் எழுத்து' என்பது யாது என்ற பழைய வினா மீண்டும் நம் முன் வந்து நின்றது.

ஆட்டம் நடந்த முறை

1960-களின் இறுதியில் ஜொகூர் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் தமிழ்ப்பள்ளியில் நாங்கள் பயின்றோம். ஒரே கூடத்தில் இரண்டு மூன்று வகுப்புகள் நடைபெறும். ஆசிரியர் ஒரு வகுப்பினருக்குக் கணக்கு நடத்துகையில், அடுத்த வகுப்பினரை ஓசையின்றி ஈடுபடுத்தி வைப்பதற்கு மறைசொல் உதவியது.

தூக்குமரம் எங்கள் பலகையில் இடம்பெறவில்லை. அதற்கு மாற்றாக ஒரு பால்மரமும், அதன் பட்டையில் ஒரு சாய்ந்த வெட்டும், கீழே ஒரு மங்கும் வரையப்படும். தவறான எழுத்தைக் கேட்டால் மங்குக்கு மேலே ஒரு மழைத்துளி விழும். துளிகள் நிறைந்துவிட்டால் பால் வீண், ஆட்டம் முடிந்தது. மழை பெய்தால் மங்கிலுள்ள பால் நீரோடு கலந்து கெடும் என்பதும், அன்று வீட்டுக்கு வரும் கூலி குறையும் என்பதும் தோட்டத்துப் பிள்ளைகள் அனைவரும் அறிந்தவை. ஆகவே அந்தத் துளிகளை நாங்கள் அலட்சியமாக எண்ணியதில்லை.

அண்மையில் இவ்விளையாட்டின் விதிகளை எழுதிவைக்கக் கருதி, அக்காலத்தில் வெவ்வேறு தோட்டங்களில் பயின்ற நண்பர்கள் சிலரோடு உரையாடினோம். ஒருவர் துளிகள் ஆறு என்றார். மற்றொருவர் எட்டு என்றார். பத்து என்றவரும் உண்டு. யார் முதலில் கேட்பது, வென்றவர் அடுத்த சொல்லைத் தருவதா, தோற்றவர் தருவதா என்பவற்றிலும் நினைவுகள் வேறுபட்டன. ஆயினும் ஒரு செய்தியில் அனைவரும் ஒத்திருந்தனர். சொல்லின் முதற்கோட்டில் யாரும் ழகரத்தைக் கேட்டதில்லை. இறுதிக் கோட்டில் யாரும் ககர மெய்யை எதிர்பார்த்ததில்லை. இவற்றை விதியென்று எவரும் கற்பிக்கவில்லை. மனிதர் தம் விருப்பப்படி வகுத்த எண்ணிக்கைகள் காலப்போக்கில் கலங்கிப்போயிருக்க, மொழி தானே வகுத்திருந்த வரம்புகள் கலங்காமல் நின்றன.

நினைவுகள் முரண்பட்ட இடங்களுள் மூன்று, மொழியியல் நோக்கில் விரிவாக ஆராயத்தக்கவை. ஒரு கோடு என்பது எதற்கு உரியது? 'க' என்று கேட்டால் 'கி' திறக்குமா? எவ்வகைச் சொற்களை மறைக்கலாம்? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஒரு கோடு எதற்கு?

ஆங்கிலத்தில் இவ்வினா எழுவதில்லை. அங்கே எழுத்துகள் 26. ஓர் எழுத்துக்கு ஒரு கோடு. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளை நெடுங்கணக்கில் கற்கிறோம். 'பள்ளிக்கூடம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டால் ப, ள், ளி, க், கூ, ட, ம் என ஏழு எழுத்துகள். எனவே ஏழு கோடுகள். இதில் நாம் கேட்டறிந்த எவரிடமும் மாறுபாடு இல்லை. புள்ளி பெற்ற மெய் தனியெழுத்து. உயிர்மெய் எத்தனை குறிகளைப் பெற்றிருந்தாலும் ஓரெழுத்து. 'கொ' என்பதில் ஒற்றைக்கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் நின்றாலும் அது ஒன்றே. இது அசையெழுத்து முறையின் அடிப்படை. எழுதும் கை மூன்று வடிவங்களை எழுதினாலும், சொல்லும் வாய் அதனை ஒன்றாகவே ஒலிக்கிறது.

இங்கே ஓர் இடர்ப்பாடு தோன்றுகிறது. 26 எழுத்துகளுள் ஒன்றை ஊகிப்பவருக்கு எட்டுத் தவறுகள் வரை இடமளித்தால் ஆட்டம் சுவையாக இருக்கும். 247 எழுத்துகளுள் ஒன்றை ஊகிப்பவருக்கு அதே எட்டுத் தவறுகள் எந்த மூலைக்கு? 'கி' உண்டா, 'கீ' உண்டா, 'கு' உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தால், ககர வரிசை முடிவதற்குள் மங்கு நிறைந்துவிடும். ஆகவே ஆங்கில விளையாட்டை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருவது இயலாது. தமிழ்ப் பிள்ளைகள் அதற்கு ஒரு வழி கண்டாக வேண்டும். அவ்வழி பள்ளிக்குப் பள்ளி வேறுபட்டது.

'க' கேட்டால் 'கி' திறக்குமா?

நண்பர்களின் நினைவுகளைத் தொகுத்துப் பார்க்கையில் மூன்று வழிகள் புலப்பட்டன.

முதலாவது, முழு எழுத்து விதி. 'கி' என்று கேட்டால் 'கி' மட்டுமே திறக்கும். இது மிகக் கடினமானது. மூன்று நான்கு எழுத்துச் சொற்களுக்கு மட்டுமே பொருந்தும்.

இரண்டாவது, குறி விதி. கால் உண்டா, கொம்பு உண்டா, சுழி உண்டா என்று வடிவத்தைக் கேட்பது. இது கண்ணுக்குத் தெரியும் வரிவடிவத்தைச் சார்ந்தது. அதனாலேயே இதற்கு ஒரு குறை உண்டு. நாங்கள் பயின்ற காலத்தில் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் ணா, றா, னா ஆகியவற்றுக்கும் இன்றுள்ள குறிகள் இல்லை. அவை தனி வடிவங்களாக எழுதப்பட்டன. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்திய பின்னரே, இங்கும் புதிய வடிவங்கள் வழக்கிற்கு வந்தன. பழைய வடிவில் 'யானை' என்ற சொல்லில் காலும் கொம்பும் தேடியவருக்குக் கிடைக்கும் விடை ஒன்று. புதிய வடிவில் கிடைப்பது வேறொன்று. சொல் மாறவில்லை, ஒலி மாறவில்லை, விடை மட்டும் மாறுகிறது. மொழியைச் சாராமல் எழுதும் பழக்கத்தை மட்டுமே சார்ந்த விதிக்கு நேரும் நிலை இது.

மூன்றாவது, வரிசை விதி. எங்கள் பள்ளியில் இதுவே வழங்கியது. கேட்பவர் ஒரு மெய்யைக் கேட்கலாம் அல்லது ஓர் உயிரைக் கேட்கலாம். 'ககரம்' என்று கேட்டால் க் முதல் கௌ வரையிலான வரிசையில் எது எங்கிருந்தாலும் அக்கோட்டின் மேலே ககரம் சிறிதாக எழுதப்படும். 'இகரம்' என்று கேட்டால், சொல்லில் இகரம் தனித்து நின்றாலும் உயிர்மெய்யில் கலந்து நின்றாலும் அக்கோட்டின் கீழே இகரம் எழுதப்படும். மேலே மெய்யும் கீழே உயிரும் வந்துவிட்டால், இரண்டையும் சேர்த்துக் கோட்டின் மீது உயிர்மெய்யாக எழுதுவர்.

'கடிகாரம்' என்ற சொல்லைக் கொண்டு இதனைக் காண்போம். ஐந்து கோடுகள். ககரத்தைக் கேட்டால் முதற்கோட்டிலும் மூன்றாம் கோட்டிலும் ககரம் தோன்றும். அகரத்தைக் கேட்டால் முதற்கோட்டிலும் நான்காம் கோட்டிலும் அகரம் தோன்றும். உடனே முதலெழுத்து 'க' என முழுமை பெறும். மூன்றாவது 'க' அன்று என்பதும் தெரிந்துவிடும். அதற்கு வேறோர் உயிர் வேண்டும். ஆகாரத்தைக் கேட்டவுடன் அது 'கா' ஆகும். இவ்வாறு ஒரு கேள்வி இரண்டு மூன்று இடங்களில் ஒளி பாய்ச்சுகிறது.

இந்த வரிசை விதியில் கேட்கக்கூடியவை மொத்தம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். உயிர் 12, மெய் 18, ஆக 30. ஆங்கிலத்தின் 26-க்கு மிக நெருங்கிய எண் இது. ஆட்டம் அளவான கடினத்தோடு நடைபெற இதுவே ஏற்றது. இந்த முப்பது நமக்குப் புதிதன்று. தொல்காப்பியம் எழுத்து எனப்படுபவை முப்பது என்றே தொடங்குகிறது. குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் ஆகிய மூன்றையும் சார்ந்து வருவனவாகத் தனியே வைக்கிறது. உயிர்மெய்யை அது முதலெழுத்தாக எண்ணவில்லை. மெய்யும் உயிரும் கூடிய கூட்டாகவே கொள்கிறது. தொல்காப்பியத்தை ஒருவரியும் படித்திராத பத்து வயதுப் பிள்ளைகள், ஓர் ஆட்டத்தை ஆடத்தக்கதாக்கும் தேவையால், அதே முப்பதுக்கு வந்து சேர்ந்தனர். இது தற்செயல் என்று நாம் கருதவில்லை. நெடுங்கணக்கை வரிசை வரிசையாக ஓதிப் பழகிய பிள்ளைக்கு, மேலிருந்து கீழாக மெய்யும் இடமிருந்து வலமாக உயிரும் அமைந்த அட்டவணை மனத்தில் பதிந்திருக்கிறது. அட்டவணையின் இரு ஓரங்களைச் சேர்த்தால் முப்பது.

புள்ளி தரும் துப்பு

எங்கள் பள்ளியில் மற்றொரு விதியும் இருந்தது. சொல்லைத் தருபவர், மெய்யெழுத்து வரும் கோடுகளின் மேல் முன்னரே புள்ளியிட்டுக் காட்ட வேண்டும். 'பள்ளிக்கூடம்' எனில் இரண்டாம், நான்காம், ஏழாம் கோடுகளின் மேல் புள்ளி இருக்கும். மெய் புள்ளி பெறும் என்பதும் தொல்காப்பியம் கூறும் செய்தியே. இந்தப் புள்ளிகள், தேர்ந்த ஆட்டக்காரருக்குப் பாதி விடையைச் சொல்லிவிடும். எப்படி என்பதை விளக்குவோம்.

இறுதிக் கோட்டில் புள்ளி இருந்தால், அங்கே வல்லினம் ஆறும் வாரா. சொல்லிறுதியில் நிற்கும் எழுத்துகளை 24 என நன்னூல் வரையறுக்கிறது. பன்னிரண்டு உயிர், பதினொரு மெய், குற்றியலுகரம் ஒன்று. அந்தப் பதினொரு மெய்களுள் க், ச், ட், த், ப், ற் என்னும் ஆறனுள் ஒன்றும் இல்லை. ஞ், ந், வ் ஆகிய மூன்றும் மிக அரிய சில சொற்களிலேயே இறுதியாகும். எஞ்சுபவை எட்டு: ண், ம், ய், ர், ல், ழ், ள், ன். அவற்றுள்ளும் பிள்ளைகள் முதலில் கேட்பது மகரத்தையே. மரம், பணம், பாடம், பள்ளிக்கூடம் என்று அவர்கள் நாள்தோறும் கையாளும் பெயர்கள் அதற்குத் துணை.

இறுதிக் கோட்டில் புள்ளி இல்லையெனில் உகரத்தைக் கேட்பது வழக்கம். வல்லின மெய் தனித்து இறுதியில் நிற்காத குறையை உகரமே தீர்த்துவைக்கிறது. நாடு, ஆறு, பாட்டு, மாடு என எண்ணற்ற சொற்கள் அவ்வாறு முடிகின்றன. வேற்றுமொழிச் சொல் தமிழுக்குள் வரும்போதும் இவ்விதிக்கு உட்பட்டே 'ரோடு' என்றும் 'கார்டு' என்றும் உகரம் பெறுகிறது.

இடையில் வரும் புள்ளிக்கும் வரம்பு உண்டு. க், ச், த், ப் ஆகிய நான்கும் தம்மொடு தாமே மயங்கும். புள்ளியுள்ள கோட்டில் ககரம் திறந்தால், அடுத்த கோட்டிலும் ககர வரிசையே. டகர வரிசைக்கு முன் புள்ளி இருந்தால் அது ட் அல்லது ண். றகர வரிசைக்கு முன் புள்ளி இருந்தால் அது ற் அல்லது ன். இரு புள்ளிகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது ய், ர், ழ் ஆகிய மூன்றில் ஒன்று. காய்ச்சல், தீர்ப்பு, வாழ்த்து ஆகியவற்றை நோக்குக.

நான்கு கோடுகள், இரண்டாவதிலும் மூன்றாவதிலும் புள்ளி. இப்படி ஒரு சொல் தரப்பட்டதாகக் கொள்வோம். கடைசிக் கோட்டில் புள்ளி இல்லாததால் உகரம் கேட்கப்படுகிறது. அது நான்காம் கோட்டின் கீழே விழுகிறது. அடுத்துத் தகரம் கேட்கப்படுகிறது. மூன்றாம், நான்காம் கோடுகளில் திறக்கிறது. இப்போது '-த்து' என்பது கைக்கு வந்துவிட்டது. இரண்டாம் கோட்டில் ய், ர், ழ் என மூன்றே வாய்ப்புகள். ரகரத்தைக் கேட்டுப் பார்க்கிறார்கள். ஒரு துளி விழுகிறது. அடுத்து ழகரம் திறக்கிறது. முதற்கோட்டில் எது வந்தால் சொல்லாகும் என்பதை எண்ணிப் பார்க்கும் முன்பே வகுப்பில் பாதிப் பேர் 'வாழ்த்து' என்று கூவிவிடுவர். மெய்ம்மயக்கம், ஈரொற்று மயக்கம் என்னும் பெயர்களை அவர்கள் உயர்நிலைப் பள்ளியில்தான் கேட்பார்கள். ஆனால் அவ்விதிகளைக் கையாளுவதில் அவர்கள் அப்போதே தேர்ந்திருந்தனர்.

பெயரோடு கேள்

பலகையில் எழுதப்படும் விளையாட்டாயினும் கேள்வி வாயால் கேட்கப்படுகிறது. அங்கே ஒரு சிக்கல் உண்டு. பேச்சில் ரகர றகர வேறுபாடும், ந, ன வேறுபாடும் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ல, ள, ழ ஆகிய மூன்றும் பலர் நாவில் ஒன்றோடொன்று கலக்கின்றன. 'ல இருக்கிறதா?' என்று ஒருவர் கேட்டால் எந்த லகரம் என்ற பூசல் எழும். ஆகவே 'பெயரோடு கேள்' என்பது விதியாயிற்று. இரண்டு சுழி ன, மூன்று சுழி ண, சின்ன ர, பெரிய ற என்று பிள்ளைகள் தமக்குள் பெயர் வைத்துக்கொண்டனர். ஆசிரியரோ தந்நகரம், டண்ணகரம், றன்னகரம் என்று சொல்லுமாறு பழக்கினார்.

இம்மூன்று பெயர்களின் அமைப்பு கருதத்தக்கது. தகரத்தோடு வரும் நகரம் தந்நகரம். டகரத்தோடு வரும் ணகரம் டண்ணகரம். றகரத்தோடு வரும் னகரம் றன்னகரம். பந்து, வண்டி, கன்று ஆகிய சொற்களில் ஒவ்வொரு மெல்லினமும் தன் இனமான வல்லினத்தின் முன் நிற்கிறது. எழுத்தின் பெயரே அது எங்கே வரும் என்பதை உணர்த்துகிறது. எழுத்துப்பிழை மலிந்திருப்பதாக வருந்தும் ஆசிரியர்கள், இப்பெயர்களை விளையாட்டின் வழியே மீண்டும் வழக்கிற்குக் கொண்டுவரலாம். ஒரு மாணவர் தம் வாயால் 'டண்ணகரம்' என்று பத்து முறை கேட்டுவிட்டால், 'வண்டி' என்பதை 'வன்டி' என எழுத அவர் கை தயங்கும்.

வெளிச்சொல் அறிவிப்பு

எச்சொற்களை மறைக்கலாம் என்பதே மூன்றாவது பூசல். பெயர்ச்சொல்லாக இருக்க வேண்டும், வேற்றுமையுருபு ஏற்றிருக்கக் கூடாது என்பதில் பெரும்பாலும் உடன்பாடு இருந்தது. இன்றேல் 'வாழ்த்து' இருந்த இடத்தில் 'பார்த்து', 'சேர்த்து' என எச்சங்களும் வந்து குழப்பும். சிக்கல் பிறமொழிச் சொற்களால் வந்தது.

நாங்கள் வாழ்ந்த மண்ணில் டுரியானும் ரம்புத்தானும் வீட்டுப் பின்புறத்தில் காய்த்தன. லங்காவி பாடநூலில் இருந்தது. பிற்காலத்தில் ரிங்கிட் கையில் புழங்கியது. இவை யாவும் நம்மவர் அன்றாடம் பேசும் சொற்கள். ஆனால் ட, ர, ல ஆகியவை தமிழ் மரபில் மொழிக்கு முதலாகா. மொழிமுதலாகும் மெய்களாக நன்னூல் க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங எனப் பத்தையே கூறுகிறது. 'ரம்புத்தான்' என்பதை ஒருவர் முன்னறிவிப்பின்றி மறைத்தால், முதற்கோட்டுக்குரிய எழுத்தை எவரும் ஊகிக்கமாட்டார். அது நேர்மையான ஆட்டம் ஆகாது என்று வகுப்பே கூச்சலிடும்.

இதற்கு எங்கள் ஆசிரியர் ஒரு தீர்வு கண்டார். அத்தகைய சொல்லைத் தடை செய்யவில்லை. தருபவர் முதலிலேயே 'வெளிச்சொல்' என்று அறிவிக்க வேண்டும் என்றார். அறிவித்தபின் எந்த எழுத்தும் எங்கும் வரலாம். ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றையும் கேட்கலாம். 'டாக்டர்' என்ற சொல்லில் டகரம் முதலில் நிற்கிறது. ககர மெய்யை அடுத்து டகரம் வருகிறது. இரண்டும் தமிழ் வரம்புக்குப் புறம்பானவை. நீண்டகாலம் நம்மோடு பழகிய 'பக்தி', 'சக்தி' ஆகியவையும் ககர மெய்க்குப் பின் தகரம் பெறுவதால் வெளிச்சொல் பட்டியலிலேயே சேர்ந்தன. பழந்தமிழ் அவற்றைப் பத்தி, சத்தி என்று தன் வரம்புக்குள் அமைத்துக்கொண்டது.

இந்த அறிவிப்பு விதி, மொழியியலார் நெடுநாளாகக் கூறிவரும் ஒரு கருத்தை ஒத்தது. ஒரு மொழியின் சொற்கள் அனைத்தும் ஒரே அடுக்கில் இருப்பதில்லை. இயற்சொல்லுக்கு ஒரு வரம்பு. கடன்சொல்லுக்குச் சற்றே தளர்ந்த வரம்பு. பேசுவோர் இவ்விரு அடுக்குகளையும் வேறுபடுத்தி அறிகின்றனர். வரம்புகளும் காலந்தோறும் அசைகின்றன. சகர மெய் அ, ஐ, ஔ ஆகியவற்றோடு கூடி மொழிக்கு முதலாகாது என்றது தொல்காப்பியம். பிற்காலத்து நன்னூல் அத்தடையைக் கூறவில்லை. இன்று சங்கு, சட்டி, சட்டம் ஆகியவற்றை வெளிச்சொல் என எவரும் கருதுவதில்லை.

இன்று எண்ணுவது யார்?

ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் கொடுத்துவிட்டன. தோட்ட மக்கள் நகர்களுக்குப் பெயர்ந்தனர். பள்ளிகள் சில மூடப்பட்டன, சில இடம் மாறின. மலேசியாவில் இன்றும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. சிங்கப்பூரில் தமிழ், தாய்மொழிப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. இரு நாட்டு வகுப்பறைகளிலும் ஊக விளையாட்டுகள் மறையவில்லை. அவை கணினித் திரைக்கும் கைப்பேசிக்கும் வந்துவிட்டன. ஆனால் அங்கே எழுத்தை எண்ணுவது யார் என்பதை நாம் கவனிக்க வேண்டியுள்ளது.

'அம்மா' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? குழந்தை மூன்று என்னும்: அ, ம், மா. ஒலியளவில் பிரித்தால் அ, ம், ம், ஆ என நான்கு. கணினியின் ஒருங்குறிச் சேமிப்பிலோ ஐந்து: அ, ம, புள்ளி, ம, கால். ஒருங்குறி முறையில் புள்ளியும் காலும் தனித்தனிக் குறியெண் பெற்றவை. மெய்யோடு கலந்த அகரத்துக்குத் தனிக் குறியெண் இல்லை. சேமிப்பதற்கு இம்முறை போதுமானது. அதில் நமக்குக் குறையொன்றும் இல்லை. பயன்படுத்துவோர் ஓரெழுத்தாக உணரும் தொகுதியை ஒன்றாகக் கொள்ளும் வழிமுறையையும் ஒருங்குறித் தரமே வகுத்துத் தந்துள்ளது. ஆனால் பிறமொழிக்கென ஆக்கிய சொல்விளையாட்டைச் சிறிதும் மாற்றாமல் தமிழுக்கு எடுத்துக்கொள்ளும்போது, நிரலர் சேமிப்புக் குறிகளையே எழுத்தாக எண்ணிவிடும் நிலை நேர்கிறது. அப்போது 'அம்மா' ஐந்து கட்டங்களாகவும், 'விளையாட்டு' பத்துக் கட்டங்களாகவும் குழந்தையின் முன் நிற்கும். புள்ளிக்கு ஒரு கட்டம், காலுக்கு ஒரு கட்டம். முன்னர்க் கண்ட குறி விதியே இது. புதிய உடையில் வந்திருக்கிறது.

வீட்டில் தமிழ் குறைவாகப் பேசப்படும் குடும்பத்துப் பிள்ளைக்கு, இத்தகைய ஆட்டம் வகுப்புக்கு வெளியே தமிழ் எழுத்தோடு பழகும் வெகுசில வாய்ப்புகளுள் ஒன்றாக இருக்கலாம். அங்கே அது பெறும் எண்ணம் ஆழமாகப் பதியும். தமிழ் எழுத்து என்பது சிதறிய குறிகளின் குவியல் என்று அது எண்ணத் தொடங்கினால், நெடுங்கணக்கு வெறும் மனப்பாடச் சுமையாகிவிடும். உயிரும் மெய்யும் கூடி உருவாவதே உயிர்மெய் என்பது ஆட்டத்தின் வழியே கைவந்துவிட்டால், 216 வடிவங்களும் முப்பதிலிருந்து தாமே பிறப்பதை அப்பிள்ளை கண்டுகொள்ளும். சுமை ஏழில் ஒரு பங்காகக் குறையும்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் பொருட்டு, விதிகளை ஈண்டுத் தொகுத்துத் தருகிறோம்.

1. ஓர் எழுத்துக்கு ஒரு கோடு. மெய் தனியெழுத்து, உயிர்மெய் ஓரெழுத்து.
2. மெய் வரும் கோட்டின் மேல் முன்னரே புள்ளியிடுக.
3. ஒரு முறைக்கு ஒரு மெய்யையோ ஓர் உயிரையோ கேட்கலாம். மெய்யைக் கோட்டின் மேலும் உயிரைக் கோட்டின் கீழும் எழுதுக. இரண்டும் வந்தபின் உயிர்மெய்யாகச் சேர்த்தெழுதுக.
4. ஐயத்துக்கு இடமுள்ள எழுத்துகளைப் பெயரோடு கேட்க வேண்டும்.
5. உருபு ஏற்காத பெயர்ச்சொல்லையே மறைக்கலாம்.
6. தமிழ் மரபு வரம்புக்கு உட்படாத சொல்லைத் தருபவர் 'வெளிச்சொல்' என முதலில் அறிவிக்க வேண்டும்.
7. தவற்றுக்கு ஒரு துளி. துளிகளின் எண்ணிக்கையை ஆடுவோர் வயதுக்கேற்ப வகுத்துக்கொள்க.

கைப்பேசிக்கு விளையாட்டு ஆக்குவோர் முதல் மூன்று விதிகளை மட்டுமேனும் கைக்கொள்ள வேண்டும். அது தொழில்நுட்ப அளவில் கடினமன்று.

இவ்விதிகள் ஒரு பள்ளியின் வழக்கை அடிப்படையாகக் கொண்டவை. பேராக்கிலும் கெடாவிலும் சிலாங்கூரிலும் சிங்கப்பூரின் பழைய தமிழ்ப் பள்ளிகளிலும் வேறு தீர்வுகள் வழங்கியிருக்கக் கூடும். அவற்றுள் நம்முடையதைவிடச் சிறந்தவையும் இருக்கலாம். அப்பள்ளிகளில் பயின்ற பலர் இன்று எழுபதைக் கடந்தவர்கள். இச்சிறு நூலைக் கையில் கொண்டிருக்கும் வாசகர்கள், தம் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பிள்ளைகளோடு அமர்த்தி ஓர் ஆட்டம் ஆடச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். வினவினால் நினைவுக்கு வராத விதி, ஆடும்போது தானே வந்துவிடும். அதனைத் தேதியோடும் பள்ளிப் பெயரோடும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.